மூன்றாம் தளத்துக் குரல்

ஜனவரி 6

அக்காவுக்கு,

இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டுப் போனை எடுக்காதே. எடுத்தால் நீ பேசுவாய், நான் கேட்பேன், கடைசியில் என் பதிலையும் நீயே சொல்லி முடித்துவிடுவாய். கடிதத்தில் அந்த வம்பு இல்லை. என் குரல் உனக்கு வரும், என் கையெழுத்து வராது.

உன் குரலுக்கும் இங்கே பஞ்சமில்லை. நான் உதவியாளராக வேலை பார்க்கும் பேச்சுப் பயிற்சி நிலையம் மூன்றாம் மாடியில் இருக்கிறது. நவம்பரில் புது லிஃப்ட் போட்டார்கள். முதல் நாள் ஏறியதும், "கதவு மூடப்படுகிறது" என்று நீ சொன்னாய். கையிலிருந்த படச்சீட்டுகளையெல்லாம் கீழே கொட்டிவிட்டேன். நீ அறிவிப்புகளுக்குக் குரல் கொடுத்துப் பிழைப்பவள், தெரியும்தான். அதற்காக நான் வேலை பார்க்கும் கட்டடத்திலா? தினமும் எட்டுத் தடவை என்னை ஏற்றி இறக்குகிறாய்.

விஷயத்துக்கு வருகிறேன். பேச்சுப் பயிற்சியில் முதுகலைக்கு மறுபடியும் விண்ணப்பிக்கிறேன். ஒன்று உன் ஊரிலிருக்கும் பெரிய கல்லூரி. ஆமாம், அதேதான். போன தடவை என் போன் ரிப்பேரில் இருந்ததால் உன் நம்பரைக் கொடுத்தேன். நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். முதல் கேள்வியிலேயே எனக்கு வாயடைத்துப்போனது. நீ போனைப் பிடுங்கி என் குரலில் இருபது நிமிடம் பேசினாய். சோபா ஓரத்தில் உட்கார்ந்து என் நேர்காணலை நானே கேட்டேன். நன்றாகத்தான் பேசினேன். சீட்டும் கிடைத்தது. நீ வாங்கிய சீட்டில் நான் எப்படிப் போய் உட்காருவது?

இன்னொன்று, வருடத்துக்குப் பன்னிரண்டு பேரை மட்டும் எடுக்கும் சின்னக் கல்லூரி, ரொம்பத் தொலைவில். இரண்டுக்கும் "இந்தப் படிப்பு எதற்காக" என்று இரண்டு பக்கம் எழுத வேண்டும். என் முதல் வரி இது: "எனக்கு ஐந்து வயதானபோது என் அக்கா பதினோரு மாதம் பேசவில்லை." எங்கள் தெரபிஸ்ட் மேடம் படித்துவிட்டு, "இது உங்க அக்கா கதை. அவங்களைக் கேக்காம அனுப்பாதீங்க" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம். பக்கங்களை இணைத்திருக்கிறேன். தப்பிருந்தால் திருத்து. சம்மதம் என்றால் ஒரு வரி போதும்.

கீச்சு


ஜனவரி 15

கீச்சுக்கு,

இரண்டு வருடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு "ஒரு வரி போதும்" என்கிறாய். ஒரு வரியோடு நிறுத்துகிற பிறவியா நான்? எப்படி இருக்கிறாய் என்றுகூட நீ கேட்கவில்லை. நன்றாக இருக்கிறேன். உன் கையெழுத்தைப் பார்த்ததும் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பக்கங்களை மூன்று தடவை படித்தேன். அழகாக எழுதியிருக்கிறாய். ஆனால் கீச்சு, பேசாமலிருந்தது நான் இல்லை. நீ.

எனக்கு ஒன்பது வயது, உனக்கு ஐந்து. ஒரு திங்கட்கிழமை நீ பேச்சை நிறுத்திவிட்டாய். அழுகையில்லை, காய்ச்சலில்லை. கேட்டால் தலையாட்டுவாய், அவ்வளவுதான். அப்பா ஷிப்ட் முடிந்து வந்து தூங்குவார். அம்மா சுவரைப் பார்த்தபடி தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் நாம் உள்ளே நுழைந்ததும் திரும்பாமலே "வந்தாச்சா?" என்பாள். நான் "வந்தாச்சு" என்பேன். உன் பங்குக்கு இன்னொரு "வந்தாச்சு" வர வேண்டும். அன்றைக்கு வரவில்லை. மெஷின் நின்றது. மெஷின் நின்றால் எனக்குப் பயம், அம்மா எழுந்து வருவாள் என்று. மூக்கைச் சுருக்கிக்கொண்டு, உன்னைப் போலவே கீச்சென்று நானே இன்னொன்று சொன்னேன். மெஷின் மறுபடி ஓடியது.

அப்படியே பதினோரு மாதம் ஓட்டிவிட்டேன். "தண்ணி வேணுமா?" "வேணும்." "தலை வாரியாச்சா?" "ஆச்சு." எல்லாம் நான்தான். நீ பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாய். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

பிறகு எனக்குத் தொண்டை வீங்கி ஒரு வாரம் சத்தமே எழவில்லை. கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உனக்கு நினைவிருப்பது அந்த ஒரு வாரம்தான். அதில் ஒருநாள் அம்மா "வந்தாச்சா?" என்றாள். என்னால் முடியவில்லை. மெஷின் நின்றது. அப்போது நீ "வந்தாச்சு" என்றாய். நான் கொடுத்துவந்த அதே குரலில்.

ஏன் பேச்சை நிறுத்தினாய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதிலையும் நானே சொல்லியிருப்பேன்.

அக்கா


ஜனவரி 27

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். மறுநாள் குப்பைத் தொட்டியிலிருந்து பொறுக்கி ஒட்டினேன். இதையும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்கிறாயே என்று ஆத்திரம். என் மௌனத்தைக்கூட நீதான் வந்து விளக்க வேண்டுமா?

அம்மாவிடம் கேட்டேன். "நீயா? பேசாமலா? நீ வாயே மூடமாட்டியே" என்று சிரித்தாள். அப்பாடா என்றிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, அம்மா காதில் இருப்பதும் உன் குரல்தானே.

அப்புறம் கல்லூரிக்கு அனுப்பச் சான்றிதழ்களை எடுத்தேன். கோப்பின் அடியில், என் முதல் பள்ளிக்கூடத்து மதிப்பெண் அட்டை. என் பெயர், கீழே டீச்சரின் எழுத்து: "குழந்தை வகுப்பில் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. பெற்றோர் வந்து பார்க்கவும்." பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் அம்மாவின் கையெழுத்து இருக்கிறது, கோணல்மாணலாக, பென்சிலில். ஒன்பது வயதில் நன்றாகத்தான் போட்டிருக்கிறாய். ஆக, கையெழுத்தும் உனக்கு வரும்.

முதல் வரியைத் திருத்திவிட்டேன். "எனக்கு ஐந்து வயதானபோது நான் பதினோரு மாதம் பேசவில்லை." எழுதும்போது யாரோ ஒருத்தியைப் பற்றி எழுதுவதுபோல் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களிடம் நாலரை வயதுப் பெண் குழந்தை ஒன்று வருகிறது. லிஃப்டில் பொத்தானை அவள்தான் அமுக்க வேண்டும், அதனால் அவள் பெயர் பொத்தான். வீட்டிலும் வெளியிலும் யாரிடமும் பேசுவதில்லை. சத்தம் எங்கிருந்து பிறக்கிறது என்று காட்ட, பிள்ளைகளின் இரண்டு விரலை எங்கள் தொண்டையில் வைத்து "ம்ம்ம்" என்போம். விரலுக்கடியில் அதிரும். பொத்தானுக்கு அது பிடிக்கும், ஆனால் அவள் வாய் திறக்கமாட்டாள்.

போன வெள்ளிக்கிழமை அவளோடு லிஃப்டில் ஏறினேன். நீ "மூன்றாம் தளம்" என்றாய். பொத்தான் மெல்ல, "வந்தாச்சு" என்றாள்.

அவளாகப் பதில் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். திங்கட்கிழமை பார்த்தேன், அவள் ஸ்பீக்கர் ஓட்டைகளில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அது அவள் உயரத்தில்தான் இருக்கிறது. அவள் போனபிறகு நானும் குனிந்து காதை வைத்தேன். "மூன்றாம் தளம்" என்று நீ சொல்கிறாய். அதற்குப் பின்னால், தூரத்து அறையிலிருந்து வருவதுபோல், ஒரு சின்னப் பெண் "வந்தாச்சு" என்கிறாள்.

எனக்கு அந்தக் குரல் தெரியும். சின்ன வயதில் நான் பேசியதாக என் நினைவிலிருக்கும் குரல் அதுதான். நீ பேசினாயா?

கீச்சு


பிப்ரவரி 4

கீச்சுக்கு,

சத்தியமாக இல்லை. எழுதிக் கொடுத்ததைத் தவிர ஓர் எழுத்து நான் சேர்ப்பதில்லை. பன்னிரண்டு வருடத் தொழில். தரைத்தளம், முதல் தளம், இரண்டாம் தளம், மூன்றாம் தளம், நான்காம் தளம், கதவு திறக்கிறது, கதவு மூடப்படுகிறது. ஏழே வரி, அரை மணி நேர வேலை. உனக்குப் பிரமை என்று எழுதி உறையை ஒட்டிவிட்டேன். அப்புறம் மனம் கேட்கவில்லை. பிரித்து, மீதியை எழுதுகிறேன்.

ஒலிப்பதிவுக்காரரிடம் போனேன். நல்ல மனிதர், தேவைக்கு மேல் பேசமாட்டார். பழைய கோப்பைத் தேடி எடுத்து, வெட்டாத ஒலியை எனக்கு ஹெட்போனில் போட்டார். தரைத்தளம் என்கிறேன். ஒரு மூச்சு. அப்புறம் "வந்தாச்சு." முதல் தளம். "வந்தாச்சு." ஒவ்வொரு தளத்துக்கும், கீச்சென்று, உன் குரலில்.

"இது யாருங்க?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நீங்கதாம்மா. எப்பவும் பண்ணுவீங்களே. பஸ்ஸு, பேங்கு, எல்லாத்துலயும் கடைசியில அந்தக் குரல்ல ஏதாவது சொல்லுவீங்க. உங்க பழக்கம்னு நெனச்சு நான் வெட்டிடுவேன். மூணாம் தளத்துல கவனிக்காம விட்டுட்டேன் போல."

பன்னிரண்டு வருடம் ஒரு மனிதர் உன்னை வெட்டி எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு ஒன்றுமே தெரியாது. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, தரைத்தளம், முதல் தளம் என்று சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் பின்னால் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். கைக்குள்ளே உதடு அசைந்தது.

எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

அக்கா


மார்ச் 19

அக்காவுக்கு,

இரண்டு இடத்திலும் சீட் கிடைத்திருக்கிறது.

பெரிய கல்லூரியில் கட்டுரையையும் மதிப்பெண்ணையும் பார்த்தே கொடுத்துவிட்டார்கள். பெயர் பெற்ற ஆஸ்பத்திரியோடு சேர்ந்தது, உன் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. முதல் வருடம் முழுக்க ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, பெரியவர்கள் பயிற்சி கொடுப்பதைப் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும். நாம் அவர்களைப் பார்க்கலாம், அவர்களுக்கு நாம் தெரியமாட்டோம்.

சின்னக் கல்லூரிக்கு நேரில் போனேன். பழைய கட்டடம், பெஞ்சுகள் ஆடுகின்றன. இரண்டாம் மாதமே நோயாளி முன்னால் உட்கார வைத்துவிடுவார்களாம். மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். முதல் கேள்விக்கு வழக்கம்போல வாயடைத்துப்போனது. யார் பேச ஆரம்பிப்பார்கள் என்று காத்திருந்தேன், யாருமில்லை. அந்த மூன்று பேரும் அவசரமே இல்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட எடுத்துக்கொடுக்கவில்லை. கடைசியில் நான் பேசினேன். கரகரவென்று இருந்தது என் குரல், அழகாக இல்லை. வெளியே வரும்போது நடுவில் உட்கார்ந்திருந்த பெண்மணி, "நீங்க நிறுத்துற இடம் நல்லா இருக்கு. பேசத் தெரியாதவங்ககிட்ட வேலை செய்ய அது வேணும்" என்றார். அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன்.

நேற்று பெரிய கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. "தொலைபேசியில் தங்கள் இடத்தை உறுதி செய்ததற்கு நன்றி." நான் யாருக்கும் போன் பண்ணவில்லை. இரண்டு கல்லூரியும் ஒரே சேர்க்கைப் பட்டியலில் இருக்கின்றன, ஒன்றை உறுதி செய்தால் மற்றது ஏப்ரல் பதினைந்தாம் தேதி தானாக ரத்தாகிவிடும்.

எப்படி உனக்கு மனசு வந்தது? உன் வீட்டுக்குப் பக்கத்தில் நான் இருக்க வேண்டும், அதுதானே? அழுது எழுதிய கடிதத்தையெல்லாம் நம்பினேன் பார்.

கீச்சு


மார்ச் 24

கீச்சுக்கு,

நான் செய்யவில்லை என்று முதல் வரியில் எழுதினேன். எழுதிவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தேன். மார்ச் பன்னிரண்டு, மத்தியானம் மூன்று மணி, தெரியாத எண், நான்கு நிமிடம் பேசியிருக்கிறேன்.

அவர்களிடம் உன் பழைய கோப்பு இருந்திருக்க வேண்டும். அதில் என் நம்பர்தானே. அழைப்பு வந்தது நினைவிருக்கிறது. துணி மடித்துக்கொண்டிருந்தேன். யாரோ உன் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். அப்புறம் துணியெல்லாம் மடித்து அடுக்கியிருந்தது. நடுவில் இருந்த நான்கு நிமிடம் என்னிடம் இல்லை. அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "உன் தங்கச்சி மாதிரி பேசிக்கிட்டிருந்தே. நீங்க ரெண்டு பேரும் ராசியாயிட்டீங்களாக்கும்னு நெனச்சேன்" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

நானே கூப்பிட்டுச் சரிசெய்துவிடலாம் என்று எண்களைக்கூட அமுக்கிவிட்டேன். மூக்கைச் சுருக்கியிருந்தேன். அப்போதுதான் என்ன செய்கிறேன் என்று தெரிந்தது. போனை வைத்துவிட்டேன்.

இதை நான் அவிழ்க்கவே முடியாது. நீதான் பேச வேண்டும். உன்னிடம் நான் கேட்டதே கிடையாது, இப்போது கேட்கிறேன். பேசு.

அக்கா


ஏப்ரல் 8

அக்காவுக்கு,

பேசிவிட்டேன்.

சேர்க்கைப் பிரிவில் ஒரு பெண். பெயர், விண்ணப்ப எண் எல்லாம் சொன்னேன். இடம் வேண்டாம் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க அவங்க இல்லையே" என்றாள்.

"நான்தான்."

"போன மாசம் அவங்ககிட்ட நானே பேசினேன். சின்னப் பொண்ணு குரல், நல்லா கணீர்னு இருக்கும். ரெண்டு வருஷம் முன்னாடியும் அதே குரல்தான், எனக்கு ஞாபகம் இருக்கு. நீங்க யாரு?"

போன் காதில் சுடுகிறது, அவள் "ஹலோ, ஹலோ" என்கிறாள். வேறு என்ன செய்வது என்று தெரியாமல், பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் என் தொண்டையில் நானே விரலை வைத்துக்கொண்டேன். "அது எங்க அக்கா" என்றேன். "ரெண்டு தடவையும் எங்க அக்கா. எனக்குப் பதிலா பேசுவாங்க. இப்ப பேசுறதுதான் நான்."

அவள் நம்பவில்லை. கையெழுத்திட்ட கடிதமும் அடையாள அட்டையும் கேட்டாள். அன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்பினேன். நேற்று ரத்து செய்துவிட்டதாகப் பதில் வந்தது. உடனே சின்னக் கல்லூரியை உறுதி செய்தேன். ஜூன் முதல் வாரம் வகுப்பு. இரண்டே மாடி, லிஃப்ட் இல்லை. விசாரித்துவிட்டேன்.

உன்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் நீ போனை வைத்தாயே, அதை நினைத்துக்கொள்கிறேன்.

கீச்சு


ஏப்ரல் 20

கீச்சுக்கு,

ஒலிப்பதிவுக்காரரிடம் சொல்லி மூன்றாம் தளத்தை மட்டும் மறுபடி பதிவு செய்தோம். சொன்னதும், பதிவு முடிகிறவரை நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். "வெட்டவா?" என்றார். "வேண்டாங்க, அந்த இடம் அப்படியே இருக்கட்டும்" என்றேன். இரண்டு விநாடி காலியாக இருக்கும். அடுத்த மாதம் லிஃப்ட் கம்பெனி ஆள் வந்து மாற்றுவாராம்.

என்றைக்கோ கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். ஐந்து வயதில் நீ ஏன் பேச்சை நிறுத்தினாய்? கீழே நான்கு வரி விட்டிருக்கிறேன். அதை நிரப்பாமல் உறையை ஒட்டுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

அக்கா


மே 28

அக்காவுக்கு,

உன் நான்கு வரியைத் திருப்பி அனுப்புகிறேன். முதல் வரியில் "தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறேன். மீதி மூன்று காலி. அப்படியே இருக்கட்டும், நிரப்பாதே.

நாளை மறுநாள் கிளம்புகிறேன். பெட்டி கட்டியாகிவிட்டது. இன்றைக்கு நிலையத்தில் கடைசி நாள். மேடம் கட்டிக்கொண்டார். பொத்தானை மேலே கூட்டிக்கொண்டு வர நான்தான் போனேன். லிஃப்டில் குரலை நேற்றுத்தான் மாற்றியிருந்தார்கள், அது அவளுக்குத் தெரியாது.

அவள் பொத்தானை அமுக்கினாள். வழக்கம்போல ஓட்டைகளில் காதை ஒட்டிக்கொண்டாள். நீ "மூன்றாம் தளம்" என்றாய். அப்புறம் நீ விட்ட அந்த இரண்டு விநாடி. ஒன்றுமில்லை. கதவு திறந்தது. பொத்தான் இறங்கவில்லை. மறுபடி கீழே போய் மறுபடி வந்தோம். மறுபடியும் ஒன்றுமில்லை.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "அந்தப் பாப்பா போயிடுச்சு" என்றாள்.

ஒன்றரை வருடத்தில் ஒரு மனுஷியிடம் அவள் பேசிய முதல் வார்த்தைகள். இந்த மாதிரி நேரத்தில் ஆர்ப்பாட்டம் பண்ணக்கூடாது, சாதாரணமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று மேடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். முழங்காலிட்டு உட்கார்ந்து, "எங்க போச்சு?" என்றேன்.

பொத்தான் யோசித்தாள். பிறகு, நாங்கள் பழக்கியபடியே, இரண்டு விரலை நீட்டி என் தொண்டையில் வைத்தாள். "இங்க" என்றாள்.

நான் அப்போது வாயைத் திறக்கவில்லை, அக்கா. ஆனால் அவள் விரலுக்கடியில் என் தொண்டை அதிர்ந்துகொண்டிருந்தது.

கீச்சு